ஞாயிறு வரை அணைக்க வேண்டாம்

பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து பிளக்கைப் பிடுங்கப் போன நேரத்தில், அவள் கூடத்திலிருந்து ஓடி வந்து அவருடைய மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“அதைத் தொடாதீங்க!”

மனிதர் வெலவெலத்துப் போனார். புருஷனைப் பறிகொடுத்து முழுசாக ஒரு நாள் ஆகாத பெண் இப்படிப் பாய்ந்து வருவாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். அவருடைய இன்னொரு கையில், தன் வீட்டிலிருந்து தூக்கி வந்திருந்த பெரிய எலெக்ட்ரிக் கெட்டில் இருந்தது.

“இல்லம்மா, வர்றவங்களுக்கு டீ போடலாம்னு... இந்த ரூம்லதான் ஆள் இல்லையேன்னு...”

“டீ யாருக்கும் வேணாம். வேணும்னா சமையக்கட்டுல சொருகுங்க. இதை மட்டும் எடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“சரிம்மா, சரி. நீங்க போய் உக்காருங்க.”

காலையிலிருந்து அவளிடம் பேசிய எல்லாரும் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் ஒருவருடைய கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருப்பவள் அவள். கன்னம் வீங்கி, வலி பொறுக்காமல், அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர்களைப் பார்த்து, ‘உக்காருங்க, டாக்டர் இதோ கூப்பிட்டுடுவார்’ என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் அவள் வேலை. அந்த வார்த்தை கேட்கிறவர் காதில் எவ்வளவு எரிச்சலாக விழும் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் கெட்டிலோடு போன பிறகு அவள் பிளக்கை ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். அதிலிருந்து கிளம்பிய வயர் தரையோடு ஓடி ஒரு யூ.பி.எஸ். பெட்டிக்குப் போய், அங்கிருந்து மேஜை மேல் கிடந்த நீளமான கறுத்த சாதனத்துக்கு ஏறியது. ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை யாரோ ஒட்டிய பூ ஸ்டிக்கர் பாதி கிழிந்து கிடந்தது. ஆனால் அதன் முகப்பில் இருந்த சின்ன ஜன்னலில் எழுத்துகள் ஒளிர்ந்தன. இன்னும் உயிரோடுதான் இருந்தது.

அதை கீபோர்டு என்று சொன்னால் அவள் புருஷனுக்குப் பொறுக்காது. “கீபோர்டு கம்ப்யூட்டருக்கு. இது சிந்தசைசர்,” என்பார். அவள் வேண்டுமென்றே கீபோர்டு என்பாள். அவர் வேண்டுமென்றே திருத்துவார். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நேற்றுக் காலை, ஓடாமல் நின்ற ஒரு லிஃப்டைச் சரிசெய்யப் போனார். லிஃப்ட் ஓடாததால் மாடிப்படி ஏற வேண்டியிருந்தது. உச்சி மாடிக்கு ஒரு திருப்பம் இருக்கும்போது கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று காவலாளியிடம் சொன்னாராம். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாவதிலும் ஒரு கோணல் பண்ணிவிட்டுப் போனாரே இந்த மனிதர் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகை இன்னும் வந்து சேரவில்லை.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவார்கள். வீட்டில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுவது என்று அவருடைய அக்கா முடிவு செய்திருந்தாள். அந்த நாத்தனார் எதையும் முடிவு செய்யப் பிறந்தவள். யார் எங்கே உட்கார வேண்டும், எந்தச் செருப்பு எங்கே கழற்றப்பட வேண்டும், யாருக்கெல்லாம் போன் போக வேண்டும் என்பதெல்லாம் அவள் கண்ணசைவில் நடந்துகொண்டிருந்தது. அவள் கைக்கு அடங்காமல் திரிந்தது தம்பி பெண்டாட்டி ஒருத்திதான்.

“அங்க என்னதான் இருக்கு அந்த ரூம்ல?” என்று நாத்தனார் கூடத்தில் யாரிடமோ கேட்பது காதில் விழுந்தது. “அவன் அங்க ஆஸ்பத்திரியில கெடக்கான். இவ பொட்டிக்குக் காவல் நிக்கிறா.”

அங்கே என்ன இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியாது. அதுதான் அவள் தவிப்பே.

கல்யாணமான புதிதில் அவர் ஒரு மேடைக் கச்சேரிக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். மகள் வயிற்றில் இருந்தபோது குழு உடைந்தது. சிந்தசைசரை யாருக்கோ கொடுத்துவிட்டு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார். அதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை, அவரும் விடவில்லை. மகள் கல்லூரிக்குப் போய் வீடு காலியான பிறகுதான் பித்துப் பிடித்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கையில் போன். பழைய சாமான் விளம்பரங்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருப்பார். சட்டென்று எழுந்து, “குச்சி, கெளம்புடா,” என்று போனில் சத்தம் போடுவார். குச்சி என்பவன் பழைய சிந்தசைசர்களை வாங்கி விற்கிறவன். ஆள் பேருக்குப் பொருத்தமாக இருப்பான், காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பேரும் எங்கெங்கோ போவார்கள். ஸ்டூடியோவை மூடுகிறவர், வெளியூருக்கு வீடு மாற்றுகிறவர், மகனுக்கு வாங்கிக் கொடுத்து மகன் தொடாமல் போனவர் என்று விற்கிறவர்களுக்கா பஞ்சம்? இவர் முதலில் அதைக் கவிழ்த்துப் போட்டு அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைப் பார்ப்பார். தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்து கை வைத்திருக்கிறார்கள். பிறகு காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார், கருகின வாசனை வருகிறதா என்று. பிறகு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கட்டை கட்டையாக அழுத்துவார். விற்கிறவர் புகழ்ந்து பேசப் பேச இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே போவார். இதெல்லாம் குச்சி அவளுக்கு நடித்துக் காட்டியது.

அவளுக்குப் புரியாதது ஒன்றுதான். வாங்கினதெல்லாம் ஒரே மாடல். “ஒரே சட்டையையே திரும்பத் திரும்ப வாங்குற ஆளை நான் இப்பதான் பாக்குறேன்,” என்பாள். ஒவ்வொன்றும் வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக இந்தச் சின்ன அறைக்குள் போவார். சுவிட்சைப் போடுவார். வாசிக்க மாட்டார். பொத்தானை அழுத்தி அழுத்தி அதில் இருக்கும் டோன்களை, பியானோ, புல்லாங்குழல் என்று பேர் போட்டுச் சேர்த்துவைத்த ஓசைகளை, ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசி டோனில் போய் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அந்தச் சின்ன ஜன்னலை உற்றுப் பார்ப்பார். உடனே முகம் விழுந்துவிடும். பிறகு அதைத் துடைத்து, பழுது பார்த்து, ஒரு மாதத்துக்குள் குச்சி மூலமாக யாருக்காவது தள்ளிவிடுவார். இதில் பத்து பைசா லாபம் வந்ததாக அவளுக்குத் தெரியாது. ஏதோ பொழுதுபோகிறது, குடிக்காமல் இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள்.

இந்தத் திங்கட்கிழமை இதைக் கொண்டுவந்தார். அறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு சமையலறைக்கு வந்து, தாகமே இல்லாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றார்.

“என்ன, இதுவும் தேறாதா?” என்றாள், நறுக்கிக்கொண்டிருந்த காயிலிருந்து தலையைத் தூக்காமலே.

“தேறிடும் போலிருக்கே,” என்றார். அந்தக் குரலுக்கு அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாப் பல்லும் தெரிந்தது. “இதை யாரும் ஆஃப் பண்ணிடாதீங்க. உள்ள இருக்கிற பேட்டரி சாகக் கெடக்கு. ஆஃப் பண்ணா அதோட ஞாபகமெல்லாம் போயிடும். ஞாயித்துக்கெழமை குச்சி கேபிளும் நல்ல ஸ்பீக்கரும் எடுத்துட்டு வர்றான். முதல்ல எல்லாத்தையும் காப்பி பண்ணிடுவோம். அப்புறம் உனக்கு ஒண்ணு காட்டணும்.”

“இப்பவே காட்டுனா குறைஞ்சா போயிடும்?”

“ம்ஹூம். ஞாயித்துக்கெழமை.”

மேடைக்காரப் புத்தி. திரை விலகாமல் எதையும் காட்ட மாட்டார். அவளும் அத்தோடு விட்டுவிட்டு, “அதுவரைக்கும் கரண்ட்டு ஓடிக்கிட்டே இருக்கணுமா?” என்று மட்டும் கேட்டாள். அதற்கும் மேலே ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். என்ன காட்டப் போறீங்க என்று கேட்டிருந்தால், வாய் ஓயாத மனிதர், ராத்திரிக்குள் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

விடிந்ததும் குச்சிக்கு அவள்தான் போன் செய்தாள். அவன் குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “அக்கா, அது இன்னும் ஆன்லதான இருக்கு?” என்றான். ஒரு நொடி அவளுக்குச் சுருக்கென்றது.

“இருக்கு. அதுல என்னப்பா இருக்கு?”

“தெரியலக்கா. எங்கிட்டயும் சொல்லல. ‘கெடச்சுடுச்சுடா’ன்னு மட்டும் போன்ல கத்தினாரு. அண்ணன் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல. யாரும் தொடாம பாத்துக்கோங்க. நான் கேபிளோட வந்துடறேன்.”

அப்போதிருந்து கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூடத்தில் உட்காருவாள், ஆறுதல் சொல்ல வந்தவர் பாதிப் பேச்சில் இருக்கும்போதே எழுந்து அறைக்குப் போய் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பாள், திரும்பி வருவாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் குச்சியா என்று எட்டிப் பார்ப்பாள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் சார்ஜரோடு அறைக்குள் வந்தாள். இரவெல்லாம் பயணம் செய்து வந்து, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அம்மா, போன் செத்துப்போச்சு. இதை ரெண்டு நிமிஷம் எடுத்துக்கறேன்.”

“வேணாம். படுக்கையறையில போடு.”

“அங்க அத்தை அயர்ன் பாக்ஸ் போட்டிருக்காங்கம்மா.”

“அப்போ சார்ஜ் போடாதே.”

மகள் அவளையே பார்த்தாள். “அம்மா, அப்பா செத்துட்டாரும்மா.”

“தெரியும்டி.”

“தெரிஞ்சா ஏம்மா இப்படி...” மகள் கதவில் சாய்ந்து நின்றாள். அவள் மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அணைத்துக்கொண்டிருந்தபோதும் கண் என்னவோ மகளின் தோளுக்கு மேலாக அந்தச் சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தாள்.

வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது என்று போன் வந்ததும் வீடு பரபரப்பானது. கூடத்து நாற்காலிகளை வாசலுக்குத் தூக்கினார்கள். தம்பி நல்ல சட்டையில்தான் போக வேண்டும் என்று நாத்தனார் படுக்கையறையில் அயர்ன் பாக்ஸைச் சுடவைத்து ஆவேசமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையில் கெட்டிலை ஏற்றினார். யாரோ கூடத்தில் இன்னொரு மின்விசிறியைப் போட்டார்கள். அடுத்த நொடி டப் என்று ஒரு சத்தம். வீட்டில் எல்லாம் நின்றது.

அந்த அமைதியில், சின்ன அறைக்குள்ளிருந்து பீப், பீப் என்று கத்தல் கிளம்பியது.

அவள் ஓடினாள். யூ.பி.எஸ். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மேஜை மேல் எழுத்துகள் இன்னும் ஒளிர்ந்தன. ‘கரண்ட்டை நம்புறவன் மெக்கானிக்கே இல்ல’ என்று சொல்லிக்கொண்டே திங்கட்கிழமை அவர் அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியது ஞாபகம் வந்தது. பழைய பெட்டி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவரே சந்தேகமாகத்தான் சொன்னார்.

“என்ன கருமம் இது, இழவு வீட்டுல?” நாத்தனார் ஒரு கையில் அயர்ன் பாக்ஸோடு அறை வாசற்படியில் நின்றாள். “நிறுத்து அதை.” சொன்னதோடு நிற்காமல் குனிந்து பெட்டியின் பொத்தானுக்குக் கையை நீட்டினாள்.

அவள் தொப்பென்று தரையில் உட்கார்ந்து பெட்டியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“காலையிலேர்ந்து உக்காரு உக்காருன்னு சொன்னீங்களே அண்ணி. உக்காந்துட்டேன். இனிமே என்னை எழுப்பாதீங்க.”

நாத்தனாரின் கை அந்தரத்தில் நின்றது. கதவருகே கூட்டம் சேர்ந்துவிட்டது. பாவம், புத்தி பேதலிச்சுடுச்சு என்று யாரோ முணுமுணுத்தார்கள். பீப் சத்தம் வேகம் எடுத்தது. வயிற்றோடு அணைத்திருந்த பெட்டி சூடேறுவது புடவையைத் தாண்டித் தெரிந்தது. “பெரிய சுவிட்ச்!” என்று அவள் கத்தினாள். “வாசக்கதவுக்குப் பின்னாடி, மேல! யாராவது போய்ப் போடுங்களேன்! கெட்டிலைப் பிடுங்கிட்டுப் போடுங்க!”

பக்கத்து வீட்டுக்காரர்தான் ஓடினார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. தவறான சுவிட்ச் ஒன்று, பிறகு இன்னொன்று. மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்ற ஆரம்பித்தன. பீப் நின்றது. அவள் எட்டிப் பார்த்தாள். எழுத்துகள் இருந்தன. அந்த நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

“எழுந்திரு. அவன் வந்துட்டான்,” என்றாள் நாத்தனார். அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

அவரைக் கூடத்தில் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் யாரோ தலையை எதிர்ப்பக்கமாக வாரிவிட்டிருந்தார்கள். வேறு யாரோ மாதிரி, ஏதோ பாங்க் அதிகாரி மாதிரி இருந்தார். அவள் விரலால் முடியைக் கலைத்து வழக்கமான பக்கத்துக்குத் தள்ளிவிட்டாள். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக அப்படியே இருந்தது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத கறுப்பு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாத்தனார், அவ்வளவு நேரம் எல்லாரையும் ஆட்டிப் படைத்தவள், தேய்த்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் போட்டுவிடச் சொல்லவும் மறந்து, தம்பியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே வண்டிக்காரர் ஒரு முறை மெதுவாக ஹாரன் அடித்தார். அவருக்கு அடுத்து இன்னொரு வீடு இருந்தது. குச்சியை இன்னும் காணோம்.

இரண்டாவது ஹாரனுக்கு நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனாள். போனவளின் குரல் திடீரென்று உயர்ந்தது.

“வெக்கமா இல்ல உனக்கு? பொணத்தை இன்னும் எடுக்கல, அதுக்குள்ள சாமானை வாங்க வந்துட்டியா?”

“இல்லீங்க, நான் வாங்க வரல...”

“உன்னை எனக்குத் தெரியாதா? இந்த ஓட்டை ஒடசலை எல்லாம் அவன் தலையில கட்டினதே நீதான. போ, போ. எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு வா.”

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே குச்சி நின்றிருந்தான். ஒரு தோளில் பை, இன்னொரு கையில் தன் உடம்பைவிடப் பெரிய ஸ்பீக்கர். அழுத கண்ணும் வியர்வையுமாக, திரும்பிப் போக ஒரு காலை எடுத்து வைத்துவிட்டான்.

அவள் புருஷனின் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். எழுந்தாள். உட்காரு என்று சொல்ல வந்தவர்களைப் பார்க்காமல் கூடத்தைக் கடந்து, செருப்பில்லாமல் வாசலில் இறங்கி, நாத்தனாரைத் தாண்டிப் போய்க் கேட்டைத் திறந்தாள்.

“உள்ள வா.”

“ஏய், என்ன பண்றே நீ?” என்றாள் நாத்தனார்.

“அண்ணி, உங்க தம்பி எனக்கு ஒண்ணு காட்டறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அது என்னன்னு தெரியாம என்னால அந்த வண்டியில ஏற முடியாது. நீங்க என்ன வேணா நெனச்சுக்கோங்க.”

நாத்தனார் வண்டிக்காரரைப் பார்த்து, “கொஞ்சம் இருப்பா,” என்றாள்.

அறைக்குள் குச்சி பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்தான். கேபிளின் ஒரு முனையை அதில் சொருகி, மறு முனையைச் சிந்தசைசரின் முதுகில் தடவித் தடவிச் சொருகினான். இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தினான். சின்ன ஜன்னலில் எழுத்துகள் மாறின. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வந்துடுச்சுக்கா,” என்று அவன் நீண்ட மூச்சு விட்டான். “எல்லாம் இதுல ஏறிடுச்சு. இனி ஆஃப் ஆனாலும் பயமில்ல.”

“என்ன இருக்கு அதுல?”

அவன் டோன்களை ஒவ்வொன்றாகத் தாண்டினான். “எல்லாம் கம்பெனி போட்டது... இதுவும் கம்பெனி... இது ஒரு ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல கெடந்ததுக்கா. பியானோ டோனைத் தவிர வேற எதையும் யாரும் தொட்டிருக்க மாட்டாங்க... கம்பெனி... கம்பெனி...” கடைசி இடத்தில் விரல் நின்றது. குனிந்து பார்த்தான். “இது மட்டும் வேற. பத்து எழுத்துதான் புடிக்கும் இதுல. இங்கிலீஷ் எழுத்துல, இடம் விடாம நெருக்கி அடிச்சிருக்காரு... அவ... அவசெஞ்...” அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “அவ செஞ்சது.”

அவளுக்குச் சட்டென்று எதுவும் ஞாபகம் வரவில்லை. பிறகு சோப்பு வாசனை வந்தது.

வாடகைக்குக் குடியிருந்த முதல் வீடு. ஒரே அறை. ஒரு மத்தியானம். அன்றைக்கும் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மடித்த துணியைத் திரும்ப மடித்துக்கொண்டு, பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டு இருந்தாள். “கொஞ்சம் உக்காரேன், பாக்கற எனக்கே தலை சுத்துது,” என்று அவளைப் பிடித்து சிந்தசைசர் முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். சும்மா உட்காரத் தெரியாத கை. ஏதோ ஒரு பொத்தான், ஏதோ ஒரு எண், ஏற்றினாள், இறக்கினாள். கடைசியாக இருந்த எண்ணை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தம் வந்தது. விரலை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை.

அவள் ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள். “ஏங்க, ஒடைச்சுட்டேங்க! நிக்க மாட்டேங்குது!” அவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தார். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

“எப்படிப் பண்ணே இதை?”

“தெரியாதே.”

“அப்போ யாரும் கைய வைக்கக் கூடாது,” என்று சொல்லி, ஈரக் கையோடு அதைக் கடைசி இடத்தில் பதிந்துவைத்தார். மேடையில் ஒரு முறை வாசித்துப் பார்த்தார். அடுத்த பாட்டு ஆரம்பிக்கிற வரைக்கும் நிற்காத சத்தத்தை வைத்துக்கொண்டு என்னய்யா செய்வது என்று குழுத் தலைவர் கத்தினாராம். அதோடு சரி. பிறகு மகள் வந்தாள், வேலை வந்தது, சிந்தசைசர் போயிற்று. அந்தச் சத்தமும் அதோடு போயிற்று. அவள் அதை மறந்தே போயிருந்தாள். அவர் மறக்கவில்லை. ஐந்து வருஷமாகத் தெருத் தெருவாக, அன்றைக்குக் கைவிட்ட இதையேதான் தேடியிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாவி மனுஷன் என்று வாய்க்குள் சொன்னாள்.

“ஸ்பீக்கரைப் போடவாக்கா?”

“வேணாம்ப்பா. வெளிய ஆள் இருக்காங்க.”

குச்சி மேஜை ஓரத்தில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை எடுத்துச் சொருகிக் கொடுத்தான். காதுப் பஞ்சு அவர் காதுக்கு ஏற்றபடி நசுங்கியிருந்தது. அவள் அதை மாட்டிக்கொண்டாள். வீட்டின் சத்தமெல்லாம் தூரமாகப் போயிற்று. அவருடைய ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

நடுவில் இருந்த ஒரு கட்டையை அழுத்தினாள்.

ஈரக் கையால் பாத்திர விளிம்பைத் தடவினால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி மெல்லிசாக ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகி, காது நிறைந்தது. நல்ல சத்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் அபஸ்வரம்கூட இருந்தது. அவள் விரலை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. முகத்தை உள்ளங்கைகளில் புதைத்துக்கொண்டு, நேற்றிலிருந்து வராத அழுகையை அழுதாள். தான் அழுகிற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ஹெட்ஃபோனுக்குள் அது ஒன்றுதான் இருந்தது.

தோளில் ஒரு கை விழுந்தது. நிமிர்ந்தாள். நாத்தனார். உதடுகள் அசைந்தன. அவளுக்குப் பின்னால் கதவருகே மகள் நின்றிருந்தாள். ஸ்டூலில் இருந்தவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

“வாம்மா. எடுக்கப் போறாங்க.”

“வர்றேன் அண்ணி.”

ஹெட்ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். குச்சி தயங்கித் தயங்கிச் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான்.

“ஆஃப் பண்ணிடவாக்கா?”

“வேணாம். இருக்கட்டும்.”

நாத்தனார் மேஜையைப் பார்த்தாள். ஹெட்ஃபோனிலிருந்து கொசு ரீங்காரம் மாதிரி ஏதோ வந்துகொண்டிருந்தது.

“யாரும் தொடவே இல்லையே. இன்னும் ஏதோ கேக்குதே?”

“ஆமா அண்ணி. கைய எடுத்தாலும் கொஞ்ச நேரம் இருக்கும்.”

அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். நாத்தனார் ஒரு கணம் அங்கேயே நின்றாள். பிறகு கீழே குனிந்து பார்த்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தரையில் ஓடிய வயரில் கால் பட்டுவிடாமல் அகலமாகத் தாண்டி, அவர்கள் பின்னால் வந்தாள்.